பாய்மரப் படகில் குடியிருப்போருக்கான அன்றாட வேலைகளும் பராமரிப்பும்: முழுமையான வழிகாட்டி

பாய்மரப் படகில் குடியிருப்பவருக்கு வேலை ஓயவே ஓயாது. உப்பு இரும்பைத் தின்கிறது, வெயில் பாயையும் கயிற்றையும் தின்கிறது, விடாத அசைவு திருகுகளைத் தளர்த்துகிறது. நீங்கள் தூங்கும்போதும் இந்த மூன்றும் தூங்குவதில்லை. ஆனாலும் படகில் ஒரு பொருள் சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போவது அபூர்வம். ஒரு சொட்டு நீர், புதிதாய் ஒரு வாசனை, வழக்கமில்லாத ஒரு சத்தம் என்று ஏதாவது ஓர் அடையாளம் முன்பே தெரியும். அதைக் கவனிப்பதுதான் முக்கால்வாசி வேலை. பழுது பார்ப்பது மீதிக் கால்வாசி. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனரைவிடக் கண்ணுக்கும் மூக்குக்கும்தான் அதிக வேலை வரும்.

10 முதல் 12 மீட்டர் நீளம், ஃபைபர்கிளாஸ் உடல், டீசல் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி உள்ள படகை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இதைவிடச் சின்னதோ பெரிதோ, அடிப்படை ஒன்றுதான்.

காலைச் சுற்று: முதலில் பில்ஜ்

எழுந்ததும் தரைப்பலகையைத் தூக்கிப் படகின் அடிவயிற்றைப் பாருங்கள். பில்ஜ் என்று சொல்லும் அந்தக் குழியில்தான் படகுக்குள் வரும் எல்லா நீரும் கடைசியில் வந்து சேரும். நேற்று உலர்ந்திருந்த இடத்தில் இன்று நீர் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அன்றைய வேலையைத் தொடங்கக் கூடாது.

நீரில் எண்ணெய் மினுமினுப்போ நிறமோ இருந்தால் அது எஞ்சினிலிருந்து வருகிறது. வாயில் வைக்க வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் நஞ்சு. தெளிந்த நீராக இருந்தால் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கடல்நீர்: எஞ்சின் தண்டு படகை விட்டு வெளியேறும் இடம், படகின் உடலில் உள்ள ஓட்டைகளை மூடும் ஸீகாக் வால்வுகள், அவற்றில் மாட்டிய ஹோஸ்கள் என்று தேடுங்கள். உப்பில்லை என்றால் குடிநீர்த் தொட்டியோ மழைநீரோ. மழைநீர்க் கசிவு ஏமாற்றும். தளத்தில் ஓர் இடத்தில் உள்ளே நுழைந்து, உள்கூரை வழியே ஓடி, இரண்டு மீட்டர் தள்ளிச் சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அதைவிட உயரமான எல்லாத் திருகையும் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் பில்ஜ் நீரை வெளியேற்றும் பம்ப்பின் மிதவை சுவிட்சைக் கையால் தூக்கிப் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். அது தானாக எத்தனை முறை ஓடியது என்று காட்டும் சின்ன எண்ணி ஒன்று மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. பம்ப் அடிக்கடி ஓடிப் பில்ஜைக் காலியாகவே வைத்திருந்தால், கசிவு கூடுவது கண்ணுக்குத் தெரியாது, எண்ணிக்கையில் தெரியும்.

அடுத்து தளத்தில் ஒரு சுற்று. குனிந்து நடங்கள். தளத்தில் ஒரு பிளவு ஊசியோ வளையமோ கிடந்தால் அது மேலே எங்கிருந்தோ விழுந்தது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பிடித்திருக்கும் முளைகள் கழன்று விடாமல் காப்பது அந்தச் சின்ன ஊசிதான். அதன் இடத்தைக் கண்டுபிடிக்காமல் பாய் விரிக்கக் கூடாது. கயிறுகள் உலோகத்தின் மேல் உரசும் இடங்களையும் அதே சுற்றில் பார்த்துவிடுங்கள். உரசிய இடத்தில் பழைய ஹோஸ் துண்டையோ தோலையோ சுற்றலாம், அல்லது கயிற்றை ஒரு முழம் நகர்த்தி உரசும் இடத்தை மாற்றலாம்.

ஸீகாக்: படகின் அடியில் இருக்கும் ஓட்டைகள்

எஞ்சின் குளிர்நீர், கழிப்பறை, தொட்டி வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் படகின் உடலில் ஓர் ஓட்டை உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு வால்வு காக்கிறது. எங்கெங்கே இருக்கின்றன என்று படம் வரைந்து எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். ஹோஸ் பிய்ந்து வால்வும் மூட மறுத்தால் அந்தக் கட்டையை அடித்து இறுக்கித்தான் படகைக் காப்பாற்ற முடியும். இருட்டில் தேட நேரம் இருக்காது.

மாதம் ஒரு முறை எல்லா வால்வையும் மூடித் திறந்துவிடுங்கள். அசைக்காத வால்வு இறுகிப்போகும். வெண்கல வால்வில் பச்சைக் களிம்பு ஏறுவது சாதாரணம்தான். ஆனால் சுரண்டிப் பார்க்கும்போது உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது வெண்கலமல்ல, பித்தளை; கலவையிலிருந்து துத்தநாகம் கரைந்து போயிருக்கிறது. அப்படிப்பட்ட பித்தளை தட்டினாலே நொறுங்கும், உடனே மாற்ற வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஹோஸ்களுக்கு இரண்டு கிளாம்ப் போடுவது வழக்கம். கிளாம்ப்பின் மேல்பக்கம் பளபளக்கும்; துரு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் தொடங்கும். விரலால் தடவியோ சின்னக் கண்ணாடி வைத்தோ பாருங்கள்.

மின்சாரம்: எடுத்த அளவு திரும்ப வர வேண்டும்

காலையில் சோலார் வேலை செய்யத் தொடங்குமுன் பேட்டரி அளவைப் பாருங்கள். ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 வாக்கில் காட்டினால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கிட்டத்தட்டக் காலியாகும் வரை அது ஒரே வோல்ட்டேஜைக் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் வரும் மின்னோட்டத்தை எண்ணும் ஷன்ட் மானிட்டர்தான் அதற்குச் சரி. இன்னொன்று: லித்தியம் தனக்குக் கொடுக்கும் மின்சாரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் உழைத்துச் சூடாகிக் கருகக்கூடும். இடையில் அதற்கேற்ற சார்ஜரோ ரெகுலேட்டரோ இல்லாமல் இணைக்க வேண்டாம்.

ஒரு நாள் செலவைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்து நாளில் பாதி நேரம் ஓடினால் அதுவே 60 ஆம்பியர்-மணி. விளக்கு, பம்ப், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்தாலும் ஃபிரிட்ஜை எட்டுவது கடினம். அதனால் மின்சாரம் போதவில்லை என்றால் விளக்கை அணைத்து இருட்டில் உட்காராமல் ஃபிரிட்ஜின் மூடி ரப்பரையும் உறைபனியையும் பாருங்கள். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 ஆம்பியர்-மணி தரும். ஆனால் பாயின் அடிக்கட்டையான பூமின் நிழல் பேனலில் ஒரு மூலையில் விழுந்தாலே பெரும்பங்கு போய்விடும். நங்கூரத்தில் நிற்கும்போது பூமைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டுவது காசில்லாமல் கிடைக்கும் மின்சாரம். பேனலில் படியும் உப்பையும் பறவை எச்சத்தையும் வாரம் ஒரு முறை நல்ல நீரால் துடைத்தால் போதும்.

தண்ணீர்

கடலில் சுற்றிலும் நீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை என்பதை முதல் வாரத்திலேயே உணர்வீர்கள். சிக்கனமாக இருந்தால் ஒருவருக்கு நாளுக்கு 10 லிட்டரில் சமாளிக்கலாம். குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவும் பழக்கம்தான் தொட்டியைக் காலி செய்கிறது. கால் மிதி பம்ப் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மிதித்தால்தான் நீர் வரும் என்பதாலேயே செலவு தானாகக் குறையும். மின் பம்ப் இருந்தால், எந்தக் குழாயும் திறக்காதபோது அது ஒரு கணம் ஓடி நிற்கிறதா என்று இரவின் அமைதியில் கேளுங்கள். ஓடினால் எங்கோ கசிகிறது.

சுத்தமான திறந்த கடலில் பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டுக் கடைசியாக மட்டும் நல்ல நீரில் அலசலாம். துறைமுகத்து நீரில் இதைச் செய்யவே கூடாது. துணிக்கும் இதே கதைதான். ஆனால் துணியைக் கடைசியில் நல்ல நீரில் நன்றாக அலசாவிட்டால், தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு துணி எப்போதும் நசநசவென்றே இருக்கும். உப்புக் கால்களோடு படுக்கையில் ஏறக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

இரண்டு தொட்டி இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். ஒன்றில் நீர் கெட்டாலோ கசிந்தாலோ மற்றது தப்பிக்கும். மழைநீர் பிடிப்பதென்றால் முதல் மழை தளத்தின் உப்பைக் கழுவிவிட்டுப் போகட்டும், பிறகு பிடியுங்கள். கடல்நீரை நன்னீராக்கும் கருவி வைத்திருப்பவர்கள் எண்ணெய் மிதக்கும் துறைமுக நீரில் அதை ஓட்டக் கூடாது. அதைக் கழுவ ஊற்றும் நன்னீரில் குளோரின் இருந்தாலும் கருவிக்குள் உப்பை வடிகட்டும் சவ்வு கெட்டுவிடும். கரி ஃபில்டர் வழியாக விட்ட நீரால் மட்டுமே கழுவுங்கள்.

கழிப்பறை

யாரும் பேச விரும்பாத விஷயம், ஆனால் கவனிக்காவிட்டால் வீட்டின் நிம்மதியைக் குலைப்பதில் முதலிடம் இதற்கே. விருந்தினர் உட்பட எல்லோருக்கும் ஒரே விதி: வயிற்றுக்குள் போய் வராத எதுவும் கோப்பைக்குள் போகக் கூடாது, கொஞ்சம் டாய்லெட் பேப்பர் தவிர. ஈரத் துடைப்பான், பஞ்சு, முடி எல்லாம் வால்வில் சிக்கும்.

சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் ஹோஸின் உள்சுவரில் கல் போலச் சுண்ணப் படிவு உருவாகும். குழாய் மெல்ல மெல்லக் குறுகி ஒருநாள் அடைத்துக்கொள்ளும். இதைத் தடுக்க இரண்டு பழக்கங்கள். ஒன்று, பயன்படுத்தியபின் ஹோஸ் முழுவதும் காலியாகும்வரை பம்ப் அடிப்பது. இரண்டு அடியோடு நிறுத்தினால் கழிவு நீர் ஹோஸிலேயே நின்றுவிடும். இன்னொன்று, வாரம் ஒரு முறை ஒரு கோப்பை வினிகரை உள்ளே விட்டு இரவு முழுக்க ஊற வைப்பது. பம்ப் கனத்தால் சிறிது சமையல் எண்ணெய் விட்டுச் சில முறை அடித்தால் இலகுவாகும்.

எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லையா? துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸின் மேல் சுற்றி, ஆறியதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் நாற்றம் ஹோஸின் ரப்பரையே ஊடுருவிவிட்டது. கழுவி மாளாது, மாற்றத்தான் வேண்டும்.

கழிவை எங்கே வெளியேற்றலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடக் கூடாது. போகும் இடத்து விதியை முன்பே படித்துக்கொள்ளுங்கள், கழிவுத் தொட்டியின் வால்வை அதற்கேற்பப் பூட்டி வையுங்கள். பிளாஸ்டிக் விஷயத்தில் குழப்பமே இல்லை: கடல் மாசைத் தடுக்கும் மார்போல் சர்வதேச உடன்படிக்கையின்படி எந்தக் கடலிலும், எந்தத் தூரத்திலும், எந்தப் படகிலிருந்தும் போடக் கூடாது.

சமையல், ஈரம், பூச்சி

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. வீட்டில் ஜன்னலைத் திறந்தால் வெளியேறும். படகில் கசிந்தால் இறங்கிப் பில்ஜில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டி உட்பக்கம் அடைப்பாகவும், அடியில் படகுக்கு வெளியே வடிகால் உள்ளதாகவும் இருக்க வேண்டும். சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டர் பக்கத்து வால்வை மூடுங்கள். குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து தீ தானே அணைந்ததும் அடுப்புக் குமிழை மூடுங்கள். கேஸ் கண்டறியும் கருவி பில்ஜ் பக்கத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கை அருகிலும் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மெத்தையின் அடியில் நீர் கோத்துப் பூசணம் பிடிப்பது படகு வீட்டின் தீராத தொல்லை. உடலிலிருந்து வரும் ஈரம் சூட்டோடு மெத்தை வழியே இறங்கிக் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்று ஓட மரச்சட்டமோ வலைப்பாயோ விரியுங்கள், காலையில் மெத்தையைச் சாய்த்து வையுங்கள், அலமாரிக் கதவுகளைப் பகலில் திறந்து விடுங்கள். அட்டைப் பெட்டிகளைப் படகுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கரப்பான் முட்டை அதன் மடிப்புகளில்தான் ஒளிந்து வரும். பொருள்களைக் கரையிலேயே பிரித்து, காய்கறியைக் கழுவி உலர்த்தி ஏற்றுங்கள்.

எஞ்சின்

பாய்மரப் படகுதானே, எஞ்சின் எதற்கு என்று தோன்றும். குறுகிய துறைமுக வாயிலில், காற்று இல்லாமல், நீரோட்டம் பாறைப் பக்கம் தள்ளும்போது அது ஸ்டார்ட் ஆக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு கவனம்.

ஸ்டார்ட் செய்யுமுன் பார்க்க வேண்டியவை: ஆயில் அளவு, கூலன்ட் அளவு, பெல்ட்டின் இறுக்கமும் அதன் கீழ் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்பதும், கடல்நீர் வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக்கோ சிக்கியிருக்கிறதா என்பதும், அடித்தட்டில் புதுச் சொட்டும். ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயில் நீர் கொப்பளித்து வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். புகையும் பேசும்: கறுப்பு என்றால் பளு அதிகம் அல்லது காற்று போதவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, நிற்காத வெண்புகை என்றால் எரியாத டீசலோ நீராவியோ.

எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீரை இழுப்பது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர்ச் சக்கரம். அது கிழிந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும், மாற்றும் முறை:

1. கடல்நீர் வால்வை மூடி, எஞ்சின் சாவியை அந்த வால்விலேயே மாட்டுங்கள். திறக்க மறந்து ஸ்டார்ட் செய்ய வழியில்லை.
2. பம்ப்பின் அடியில் துணியை விரித்து மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். சின்னத் திருகுகள், பில்ஜில் விழுந்தால் கிடைக்காது.
3. இம்பெல்லரை அதற்கான இழுப்பானால் உருவுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பம்ப்பின் உள்சுவர் கீறும்.
4. இதழ் ஒவ்வொன்றையும் வளைத்து அதன் வேரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இதழ் குறைந்தால் அந்தத் துண்டு எங்கோ உள்ளே இருக்கிறது. அடுத்த ஹோஸையும் வெப்பப் பரிமாற்றியின் வாயையும் கழற்றித் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது நீர்வழியை அடைத்து அடுத்த முறை சூடேற்றும்.
5. புதியதில் கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். சுழலும் திசைக்கு ஏற்ப இதழ்களை மடித்துச் செருகுங்கள்.
6. புது கேஸ்கெட் வைத்து மூடி, வால்வைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, பின்பக்கம் நீர் வருவதையும் மூடி கசியாததையும் பாருங்கள்.

டீசல் எஞ்சின்கள் நின்றுபோக முக்கியக் காரணம் அழுக்கு எரிபொருள். தொட்டியில் காலியிடம் இருந்தால் உள்சுவரில் ஈரம் கோத்து நீராகி அடியில் தேங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கோழையாகி ஃபில்டரை அடைக்கும். தொட்டியை முடிந்தவரை நிரப்பியே வையுங்கள். நீர் பிரிக்கும் ஃபில்டரின் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடிச் சீசாவில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். நீர் அடியில் தனியாகத் தெரியும். ஃபில்டர் மாற்றியபின் எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் முறையை அமைதியான நாளில், நங்கூரத்தில் நிற்கும்போது பழகிவிடுங்கள்.

நங்கூரத்தில் இரவு

நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் சங்கிலிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஆழம் மட்டும் போதாது. ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தில் (படகின் முன்முனையில்) சங்கிலி இறங்கும் உருளைக்கு 1 மீட்டர், கடல் இன்னும் ஏறப்போவது 2 மீட்டர் என்றால் மொத்தம் 8. சங்கிலி என்றால் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 40 மீட்டர். கயிறு என்றால் ஏழு மடங்குக்குக் குறையாமல். விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஓட்டி நங்கூரம் கடித்ததை உறுதி செய்யுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் நேர்கோடு கலைந்தபடியே போனால் படகு நகர்கிறது. சங்கிலியின் இழுப்பை நங்கூரம் தூக்கும் வின்ச் தாங்கக் கூடாது. நீளும் தன்மையுள்ள நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியில் மாட்டிப் படகின் கொண்டியில் கட்டினால் அது உதறலை வாங்கிக்கொள்ளும், சத்தமும் குறையும். பொழுது சாய்ந்ததும் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு. கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியைத் தூக்கிக் கட்டிவிட்டுப் படுங்கள்.

மாதம் ஒரு முறை

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் உலோக முனைக்குள் நுழையும் இடத்தில் டிஷ்யூ பேப்பரால் வழித்துப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் பேப்பரைப் பிடித்துக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் கிழித்துவிடும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது. பாயில் துணிக்கு முன்பே தையல்தான் வெயிலில் செத்துப்போகும். நகத்தால் நூலை நெருடினால் பொடிந்தால் மறுதையல் போட வேண்டும், கிழியும் வரை காத்திருந்தால் செலவு பல மடங்கு. உயிர்காப்பு மேலங்கியின் வாயுக் குப்பி திருகி இறுக்கமாக இருக்கிறதா, தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா, அவசர ஒளிக்குறிகளின் காலாவதித் தேதி என்ன, இவை பத்து நிமிட வேலை.

பாயின் கயிற்றை இழுக்கும் வின்ச்சை ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துப் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ், உள்ளே ஸ்பிரிங்கில் ஆடும் சின்னக் கொக்கிகளுக்கு லேசான எண்ணெய் மட்டும். அங்கே கிரீஸ் போட்டால் ஒட்டிக்கொண்டு, சுமையோடு கைப்பிடி பின்னோக்கிச் சுழலும். எலும்பை முறிக்கும் அடி அது.

பார்த்ததையும் செய்ததையும் எஞ்சின் மணிக்கணக்கோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாற்று உதிரிபாகங்களின் எண்ணையும் அதிலேயே எழுதிவிட்டால் கரைக்குப் போகும்போது தடுமாற வேண்டாம்.

கரையேற்றும் நாள்

ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ படகைக் கரையேற்ற வேண்டும். உயர் அழுத்த நீரால் உடனே கழுவுங்கள். கொட்டலசும் பாசியும் காய்ந்துவிட்டால் சுரண்டி மாளாது. இவை ஒட்டாமலிருக்கப் பூசும் அடிவண்ணங்களில் பெரும்பாலானவை தாமிரச் சேர்மத்தால் வேலை செய்கின்றன. முன்பு பயன்பட்ட டிரைபியூட்டைல்டின் வண்ணங்களைச் சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2008 முதல் தடைசெய்துவிட்டது. பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குப் போகும்; நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும்.

ப்ரொப்பெல்லரைக் காக்கத் தானே கரையும் உலோகத் துண்டுகளான ஆனோடுகள் பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்பு நீருக்குத் துத்தநாகமும் அலுமினியமும், நன்னீருக்கு மக்னீசியம். அவற்றின் மேல் வண்ணம் பூசினால் வேலை செய்யாது. சுக்கானை இரு கையாலும் பிடித்து ஆட்டித் தளர்வு பாருங்கள். ஸீகாக் மாற்ற வேண்டியிருந்தால் நேரம் இதுதான்.

இறக்கும் நாளில் படகு நீரைத் தொட்டதும் கிரேனின் பட்டைகளைக் கழற்ற விடாதீர்கள். டார்ச்சோடு உள்ளே இறங்கி, வரைந்து ஒட்டிய படத்தில் உள்ள ஒவ்வொரு ஸீகாக்கையும் எஞ்சின் தண்டு வெளியேறும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள். தண்டில் ரப்பர் துருத்தி வகை சீல் இருந்தால் அதை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை விட்டு நீர் வரச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது உலர்ந்து ஓடிச் சூடாகும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து புகைக்குழாயில் நீர் வருவதைப் பார்த்தபின், பில்ஜ் உலர்ந்தே இருந்தால், பட்டைகளைக் கழற்றச் சொல்லலாம்.